ரஸ்ட் இணையதளத்தின் மறுவடிவமைப்பு (2018): ஒரு மதிப்பீடு

ரஸ்ட் என்பது மோசில்லா நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதத்தில் 1.0 பதிப்பாக வெளிவந்த நிரலாக்க மொழி. 2018 டிசம்பரில் அதன் 1.31 பதிப்பு வெளியானபோது, அம்மொழியின் அதிகாரபூர்வ இணையதளமும் முழுமையாக மாற்றியமைக்கப்பட்டது. அந்த மாற்றம் பாராட்டையும் எதிர்ப்பையும் ஒருங்கே பெற்றது.

பழைய முகப்பு

பழைய முகப்புப் பக்கம் மிகச் சுருக்கமானது. மேலே ஒரே வாக்கியத்தில் அறிமுகம். கீழே ஒருபுறம் மொழியின் சிறப்பியல்புகள். மறுபுறம் அங்கேயே திருத்தி இயக்கிப் பார்க்கக்கூடிய ஒரு சிறு நிரல். சி++ அறிந்தவருக்கு அரை நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும். ஆனால் அந்தச் சிறப்பியல்புகள் யாவும் கலைச்சொற்களாகவே இருந்தன. முதன்முறையாக நிரல் எழுத வருபவருக்கு அது மூடிய கதவு.

புதிய முகப்பு

புதிய தளம் அனைவரையும் அழைத்தது. வேகம், நம்பகத்தன்மை, ஆக்கத்திறன் என மூன்று காரணங்களை எளிய சொற்களில் கூறியது. கட்டளை வரி, வெப்அசெம்பிளி, வலையமைப்பு, உட்பொதி கருவிகள் என நான்கு துறைகளுக்குத் தனித்தனிப் பக்கங்கள் அமைந்தன. நிறுவுதல், கற்றல், கருவிகள், ஆளுகை, சமூகம், வலைப்பதிவு என்று மேற்பட்டியல் தெளிவாகப் பிரிக்கப்பட்டது.

இவற்றுள் சிறந்தது கற்றல் பக்கம். வரிசையாகப் படிப்பவருக்கு ரஸ்ட் நூல், செய்து பழகுபவருக்கு ரஸ்ட்லிங்ஸ் பயிற்சிகள், எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்பவருக்கு மற்றொரு தொகுப்பு என மூன்று வழிகளை அது அருகருகே வைத்தது. மாணவர் எல்லோரும் ஒரே விதமாகக் கற்பதில்லை என்பதை உணர்ந்த அமைப்பு இது.

குறைகள்

முகப்பிலிருந்து நிரல் நீக்கப்பட்டதே பெரிய குறை. வேகமானது, நம்பகமானது என்று எந்த மொழியும் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். ரஸ்ட் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறொரு மொழியின் பெயரை இட்டாலும் அந்த வாக்கியங்கள் பொருந்தும். நிரலின் பத்து வரிகளோ வேறு எந்த மொழிக்கும் பொருந்தா. பைத்தான் தளம் 2014-இல் மாற்றியமைக்கப்பட்டபோது முகப்பிலேயே எடுத்துக்காட்டு நிரல்களை வைத்து, புதியவரையும் அறிந்தவரையும் ஒருசேர வரவேற்றது. ரஸ்ட் தளத்தின் பட்டியலில் நிரலை இயக்கிப் பார்க்கும் பிளேகிரவுண்ட் இணைப்பு பின்னாளில் சேர்க்கப்பட்டது. இது குறையைப் பாதியளவே தீர்த்தது. இணைப்பைச் சொடுக்கும் அளவுக்கு ஆர்வம் பிறந்த பிறகே நிரல் கண்ணில் படுகிறது.

மற்றொரு குறை மொழி சார்ந்தது. பழைய தளம் பல மொழிகளில் கிடைத்தது. அனைவருக்கும் என்று அறிவித்த புதிய தளமோ தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே வெளிவந்தது. மொழிபெயர்ப்புகள் பிறகே வந்தன. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள மாணவருக்கு, எளிமையான பட்டியலைவிடத் தாய்மொழியில் ஒரு பத்தி அதிகம் உதவும்.

மதிப்பீடு

வழிகளைப் பிரித்துக் காட்டுவதில் புதிய தளம் வெற்றி பெற்றது. பொருளைக் காட்டுவதில் பின்தங்கியது. எளிமை என்பது கடினமானதை மறைப்பதன்று, அதை அணுகும்படி வைப்பது. ஒரு நிரலாக்க மொழியின் தளத்தை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும்: இம்மொழி எப்படி இருக்கும்? எதற்குப் பயன்படும்? எங்கே தொடங்குவது? பழைய தளம் முதல் கேள்விக்கு மட்டும் நன்றாக விடையளித்தது. புதியது மற்ற இரண்டுக்கும் விடையளித்து, முதலாவதை விட்டுவிட்டது.