நிறம் மட்டும் போதுமா? – சுபாங்கர் பானர்ஜியின் ஆர்க்டிக் படங்கள்

நல்ல படத்துக்கு விளக்கம் தேவையில்லை என்பது நம்மிடையே அடிக்கடி சொல்லப்படும் கருத்து. தன் கவிதைக்குத் தானே பொழிப்பு எழுதுபவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் நாம், ஒளிப்படத்தின் கீழ் நான்கு வரி எழுதுபவரையும் அப்படியே பார்க்கிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன். சுபாங்கர் பானர்ஜியின் ஒளிப்பட நூலையும், அந்தப் படங்களுக்கு நேர்ந்த கதையையும் அறிந்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பானர்ஜி 1967இல் மேற்கு வங்காளத்தில் பிறந்தவர். அமெரிக்கா சென்று இயற்பியலும் கணினி விஞ்ஞானமும் கற்று, போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, அலாஸ்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குக் கமராவோடு போனார். 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் 14 மாதங்கள், நான்கு பருவங்களிலும் அங்கு தங்கி எடுத்த படங்கள் 2003இல் நூலாக வெளிவந்தன. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் முன்னுரை எழுதியிருந்தார்.

முதலில் கண்ணைப் பிடிப்பது வெளிச்சம்தான். நடுக்கோடையில் அங்கு சூரியன் மறைவதில்லை. இரவு நேரத்தில் அடிவானத்தை ஒட்டியே செல்வதால், நமக்கு விடியலிலும் அந்தியிலும் சற்று நேரமே கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம் அங்கு மணிக்கணக்காக நீடிக்கிறது. தூசியற்ற காற்றில் தொலைதூர மலையின் விளிம்பும் கூர்மையாகத் தெரிகிறது. இலையுதிர்காலம் சில வாரங்களே. அதற்குள் குட்டைச் செடிகள் செம்மையும் மஞ்சளுமாகி, நிலம் முழுவதும் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கிறது. பனியும் வெறும் வெள்ளையன்று. வெயில் படாத பனிக்கு வானமே ஒளி தருவதால் அது நீலம் பூண்டிருக்கிறது. இந்த நிறங்கள் எவையும் கூட்டிப் பூசியவையாக எனக்குப் படவில்லை. அந்த இடத்தின் இயல்பே அவ்வாறானது.

நூலில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த படம் ஒன்றுண்டு. விமானத்திலிருந்து எடுத்தது. அடிவானமே இல்லை. நீலமும் வெள்ளையுமான பரப்பு, அதன்மேல் மெல்லிய கோடுகள், கோடுகளின் வழியே சிறு புள்ளிகள். நவீன ஓவியம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். குறிப்பை வாசித்தால்தான் விஷயம் புரிகிறது. அது உறைந்து கிடக்கும் கோலீன் ஆறு. புள்ளிகள் ஒவ்வொன்றும் சினைப்பட்ட கரிபூ மான். குட்டி ஈனுவதற்காக அவை வடக்கே கரையோரச் சமவெளியை நோக்கிப் போகின்றன. அதன்பின் அந்தப் படத்தை முன்னர் பார்த்தது போல் பார்க்க முடிவதில்லை.

அந்தச் சமவெளியே வழக்குக்குரிய நிலம். 1960இல் பாதுகாக்கப்பட்ட இப்பிரதேசம் 1980இல் விரிவாக்கப்பட்டு ஏறக்குறைய 19 மில்லியன் ஏக்கராயிற்று. ஆனால் கரையோரத்தின் 1.5 மில்லியன் ஏக்கரில் எண்ணெய் அகழ்வதா இல்லையா என்ற முடிவு காங்கிரஸிடம் விடப்பட்டது. அகழ்வை ஆதரித்தவர்கள் அங்கே ஒன்றுமில்லை என்றார்கள். உள்துறைச் செயலாளராக இருந்த கேல் நோர்ட்டன் அதைத் தட்டையான வெள்ளை வெறுமையாகவே 2003இல் வர்ணித்தார். அதே ஆண்டு மார்ச் 19ஆம் திகதி செனற் சபை விவாதத்தில் பார்பரா பொக்சர் பானர்ஜியின் படத்தைத் தூக்கிக் காட்டினார். 52க்கு 48 என்ற வாக்குகளால் அகழ்வுத் திட்டம் அப்போது தடுக்கப்பட்டது. படமே வென்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'வெறுமை' என்ற சொல்லுக்கு அது நேரடியான மறுப்பாக நின்றது.

இதன்பின் நடந்ததுதான் என் கவனத்துக்குரியது. வொஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் அப்படங்களின் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. பிரதான தளத்திலிருந்து அது கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. படக்குறிப்புகளும் சுருக்கப்பட்டன. அரசியல் அழுத்தம் எதுவுமில்லை என்று நூதனசாலைத் தரப்பு சொன்னது. ஓர் உதாரணம் போதும். சிறு கரைப்பறவையொன்றின் படம். அப்பறவை ஆண்டுதோறும் ஆர்ஜென்டினாவிலிருந்து பறந்து வருவதையும், அது கூடுகட்ட இச்சமவெளி எத்துணை முக்கியமானது என்பதையும் முதற்குறிப்பு சொன்னது. புதிய குறிப்பில் பறவையின் பெயரும் இடத்தின் பெயருமே மிஞ்சின.

கவனியுங்கள், படங்கள் அகற்றப்படவில்லை. நிறமும் ஒளியும் அப்படியே விடப்பட்டன. அகற்றப்பட்டவை சொற்கள். அழகு தனியே நிற்கும்போது அதனால் எவருக்கும் சங்கடமில்லை. நாட்காட்டியில் அச்சிட்டு அலுவலகச் சுவரில் மாட்டிவிடலாம். அந்த அழகு எதனோடு தொடர்புபட்டது, எது அழிந்தால் அதுவும் அழியும் என்று சொல்லும்போதே சங்கடம் தொடங்குகிறது. படத்துக்குச் சொல் வேண்டாம் என்ற நமது ரசனைக் கொள்கை, இங்கே சொற்களை வெட்டியவர்களுக்கே வசதியாகிவிடுகிறது.

நூலில் எனக்குக் குறையும் தென்படுகிறது. மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் நிலமும் விலங்குகளும் பிடித்துக்கொண்ட இடத்தோடு ஒப்பிட்டால் குறைவு. ஆளற்ற கன்னிநிலம் என்ற மயக்கத்தை இந்த அழகான பக்கங்கள் தம்மையறியாமல் வளர்த்துவிடக்கூடும். அது 'வெறுமை' என்ற வாதத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை. கரிபூவை நம்பி வாழும் குவிச்சின் மக்கள் அச்சமவெளியை உயிர் தொடங்கும் புனித இடமாகக் கொள்கிறார்கள். கரையோரக் கக்டோவிக் கிராமத்தின் இனுபியாட் மக்களிலோ எண்ணெய் வருமானத்தை வேண்டியவர்களும் உண்டு. எந்த அந்திச் சிவப்பும் இந்தச் சிக்கலைத் தானே சொல்லிவிடாது. பானர்ஜியும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 2012இல் அவர் தொகுத்த 'ஆர்க்டிக் குரல்கள்' நூலில் வடதுருவ மக்கள் உட்படப் பலர் தாமே எழுதியிருக்கிறார்கள். படம் எடுத்தவர் பிறரைப் பேசவைத்ததை நான் வளர்ச்சியாகவே காண்கிறேன்.

வழக்கு முடியவில்லை. 2017இல் ஒரு சட்டம் சமவெளியை அகழ்வுக்குத் திறந்தது. 2021 ஜனவரியில் நடந்த ஏலத்துக்குப் பெரிய எண்ணெய்க் கம்பனிகள் வரவில்லை. எஞ்சிய குத்தகைகள் 2023இல் ரத்துச் செய்யப்பட்டன. 2025இன் சட்டமொன்று மீண்டும் ஏலம் நடத்தப் பணித்திருக்கிறது.

ஆகவே, இப்படங்களைப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிச்சத்தை ஆறுதலாக ரசியுங்கள்; அது ரசிக்கத்தக்கதே. ஆனால் கீழேயுள்ள சிறிய எழுத்துகளையும் வாசித்த பின்னரே பக்கத்தைப் புரட்டுங்கள்.