சுருளில் மிஞ்சிய முகம்

சாமுவேல் ஃபொஸோவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2008இல் வெளிவந்த அவரது 'ஆபிரிக்க ஆன்மாக்கள்' வரிசையையே உச்சமாகக் கொள்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதின்ம வயதில், யாருக்கும் காட்டும் நோக்கமின்றி அவர் எடுத்த படங்களிலேயே அந்தக் கலைஞனின் உயிர் இருக்கிறது என்பேன்.

ஃபொஸோ 1962இல் கமரூனில் பிறந்து, நைஜீரியாவில் இக்போ மக்களிடையே பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். பிறவியிலேயே உடல் ஓரளவு செயலிழந்திருந்த அந்தக் குழந்தையைப் படம் பிடித்து வைக்க வீட்டார் எண்ணவில்லை. அடுத்து பயாப்ரா யுத்தம் வந்தது. யுத்தம் ஓய்ந்த பின் 1972இல், உறவினர் ஒருவரை அண்டி மத்திய ஆபிரிக்கக் குடியரசின் பங்கி நகருக்குச் சென்றார். அயலிலிருந்த ஒருவரிடம் சில மாதங்கள் தொழில் பழகி, 1975இல், 13 வயதில், சொந்தமாக ஸ்டூடியோ திறந்தார். படம் எடுக்க வருவோர் அழகாக மட்டுமல்ல, எளிதில் அடையாளம் காணத்தக்கவராகவும் இருப்பர் என்று அதன் விளம்பரம் உறுதி கூறியது.

பகலில் ஊராரின் முகங்கள். மாலையில் சுருளில் சில படங்கள் மிஞ்சும். அவற்றை வீணாக்க மனமின்றி, தன்னையே எடுத்து நைஜீரியாவிலிருந்த பாட்டிக்கு அனுப்பினார். 'நான் சுகமாயிருக்கிறேன்' என்பதற்கு மேல் அந்தப் படங்களுக்கு வேறு செய்தி தேவைப்படவில்லை. ஆனால் கெமராவின் முன் நின்றதும் அந்தச் சிறுவன் வேறொருவனாகிறான். உயர்ந்த அடியுள்ள சப்பாத்து, பெல்பொட்டம், கறுப்புக் கண்ணாடி. நைஜீரியப் பாடகர் பிரின்ஸ் நிக்கோ எம்பார்காவின் தோரணையும் அதிலுண்டு. பொக்காஸாவின் சர்வாதிகாரம் இறுக்கமான உடைகளைச் சகிக்காத காலம் அது. தெருவில் அணிய இயலாததைத் திரைச்சீலையின் முன் அணிந்து பார்க்கிறான்.

இப்படங்களை விமர்சகர்கள் சின்டி ஷேர்மனின் படங்களோடு ஒப்பிடுவதுண்டு. ஷேர்மன் தம் புகழ்பெற்ற திரைப்படக் காட்சி வரிசையைத் தொடங்கியது 1977இல். பங்கியில் இருந்த பையனுக்கு அவரையும் தெரியாது, 'அடையாள அரசியல்' என்ற சொல்லும் தெரியாது. அவன் கையிலிருந்தது உள்ளுணர்வு மட்டுமே. ஆனால் அது வெறுங்கையில் முளைத்ததல்ல. தோளை எப்படித் திருப்பினால் ஒரு மனிதன் தான் விரும்பும் மனிதனாகத் தெரிவான் என்பதை அவன் நாள்தோறும் பிறர் முகங்களில் பயின்றிருந்தான்.

1994இல் பமாக்கோவில் நடந்த முதலாவது ஒளிப்படத் திருவிழா ஃபொஸோவை உலகறியச் செய்தது. 'ஆபிரிக்க ஆன்மாக்கள்' வரிசையில் மல்கம் எக்ஸாகவும் லுமும்பாவாகவும் ஏஞ்சலா டேவிஸாகவும் அவரே தோன்றுகிறார். அம்பு தைத்த முஹம்மத் அலியைப் பாருங்கள். யுத்தத்துக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்த ஒரு முஸ்லிமை, 1968இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை கிறிஸ்தவப் புனிதர் செபஸ்தியானின் கோலத்தில் அட்டையில் நிறுத்தியது. ஃபொஸோ அந்த அட்டைப் படத்தையே மீள நடிக்கிறார். ஓர் உடலில் மூன்று தியாகங்கள். சிந்தனை கூர்மையானது, நான் மறுக்கவில்லை. ஆயினும் இங்கே விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எல்லோரும் அறிந்த முகத்தை நாம் சரிபார்த்துக் கொள்கிறோம், அவ்வளவே. பழைய படங்களில் அந்தப் பையன் யாராகப் போகிறான் என்பது அவனுக்கே தெரியாதிருந்தது.

2014இல் பங்கியில் நடந்த வன்முறையில் அவரது வீடு சூறையாடப்பட்டது. வீதியில் சிதறிக் கிடந்த நெகட்டிவ்களை அங்கிருந்த பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பொறுக்கிக் காப்பாற்றினர். அதன் பின்னர் 2015-16இல் அவர் செய்தது '666'. அத்தனை எண்ணிக்கையான பொலரொயிட் படங்கள், ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. ஒரே பின்னணி, ஒரே ஒளி, வேடம் எதுவுமில்லை. ஒரு முகம் மட்டும் சிரிக்கிறது, கலங்குகிறது, வெறிக்கிறது.

இவ்வரிசையில் ஃபொஸோ மீண்டும் அந்தப் பழைய மாலைப் பொழுதுக்குத் திரும்பியிருக்கிறார் என்றே கருதுகிறேன். ஒரு வேறுபாடு உண்டு. அன்று படத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பாட்டி இருந்தாள். இன்று அந்த இடத்தில் நாம் நிற்கிறோம். 666 படங்களையும் பார்த்த பின்னும் இம்மனிதரை எளிதில் அடையாளம் காண முடிகிறதென்று என்னால் சொல்ல முடியவில்லை. தன் ஸ்டூடியோ விளம்பரத்தை அவரே பொய்யாக்கியதைத்தான் இக்கலைஞனின் பெரும் வெற்றியாக நான் காண்கிறேன்.