ஃப்யூஷன் இசைத்தட்டுகள்: நான்கு பாணிகள், மூன்று உரைகற்கள்

சபா மலர்களில் பாணி பற்றிய கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. மிருதங்கம் என்றால் தஞ்சாவூரா, புதுக்கோட்டையா, வீணை என்றால் தஞ்சாவூரா, மைசூரா என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் 1970களிலும் 80களிலும் நம் வித்வான்கள் வெளிநாட்டு ஜாஸ் கலைஞர்களோடு உட்கார்ந்து பதிவு செய்த இசைத்தட்டுகளுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. ஒரு சாரார் கலப்படம் என்று ஒதுக்கினார்கள். இன்னொரு சாரார் சோதனை முயற்சி என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரு தரப்பிலும் பலர் தட்டை முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது எல்.பி. தட்டுகளுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. தாத்தாவின் பரணில் கிடந்ததைப் பேரன் துடைத்து எடுத்து ஓட்டிப் பார்க்கிறான். அவனுக்கு வழி சொல்ல ஆள் வேண்டும். இந்தத் தட்டுகளுக்குச் சலுகையும் வேண்டாம், தீட்டும் வேண்டாம். மியூசிக் அகாடமியிலும் கிருஷ்ண கான சபாவிலும் ஒரு கச்சேரியை எப்படி எடைபோடுகிறோமோ அப்படியே இவற்றையும் எடைபோடலாம் என்பதுதான் இக்கட்டுரையின் கட்சி.

கதவு திறந்த விதம்

அமெரிக்க அரசின் கலாசாரப் பயணமாக டேவ் புரூபெக் குழு 1958இலும், டியூக் எலிங்டன் குழு 1963இலும் இந்தியா வந்தபோது சென்னையிலும் வாசித்தன. 1959இல் வெளிவந்த புரூபெக்கின் 'டைம் அவுட்' தட்டில் உள்ள 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது. மயிலாப்பூர்க் கை அதற்குத் தானாகவே கண்டசாபு போடத் தொடங்கும்; ஆனால் நமக்குப் பழகிய இரண்டும் மூன்றும் அங்கே மூன்றும் இரண்டுமாக மாறி விழுவதால் கை ஒரு கணம் தடுமாறும்.

இந்த வருகைகள் மட்டும் ஃப்யூஷனை உண்டாக்கிவிடவில்லை. அதுவரையிலான ஜாஸில் கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) சரசரவென்று மாறிக்கொண்டே இருந்தன. கார்டு மாறும்போதெல்லாம் ஆதார ஷட்ஜமே இடம் பெயர்ந்ததுபோல் நம் காதுக்குத் தோன்றும். அதன்மேல் ராகம் பாட முடியாது. 1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் நின்று கற்பனை செய்யும் வழியைக் காட்டியது. 1961இல் ஜான் கோல்ட்ரேன் 'இந்தியா' என்றே ஓர் உருப்படி வாசித்தார். நிலையான ஆதாரமும் நீண்ட கற்பனைக்கு இடமும் கிடைத்தபின் ஆலாபனைக்காரருக்கும் அங்கே வேலை வந்தது. லண்டனில் ஜோ ஹாரியட்டும் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் 1966இல் 'இண்டோ ஜாஸ் சூட்' தட்டை வெளியிட்டார்கள். ஆனால் அதில் இருந்தது வடக்கத்தி சங்கீதம். தெற்கின் முறை பத்தாண்டு கழித்து வந்தது.

முதல் பாணி: லட்சுமிநாராயணா வீட்டு வயலின்

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்துக்கொண்டிருந்த வி. லட்சுமிநாராயணா, 1958 இனக் கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை திரும்பினார். வயலின் பக்கவாத்தியமாகவே இருந்துவிடக் கூடாது, தனி வாத்தியமாக மேடையின் நடுவில் உட்கார வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வைத்தியநாதன், சுப்ரமணியம், சங்கர் என்ற மூன்று பிள்ளைகளும் அந்தப் பிடிவாதத்தில் வளர்ந்தவர்கள். வைத்தியநாதன் திரையிசைக்குப் போனார். மற்ற இருவரும் இந்தப் பாணியைக் கட்டினார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்த எல். சுப்ரமணியம், டென்மார்க்கின் ஸ்வெண்ட் ஆஸ்முசனோடு 'கார்லண்ட்' (1978), பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு 'கான்வர்சேஷன்ஸ்' (1984) எனத் தட்டுகள் தந்தார். ஒரே வாத்தியத்தை இரண்டு மரபுகள் எப்படிப் பிடிக்கின்றன என்பதைப் பக்கத்தில் வைத்துக் கேட்க இவற்றைவிட நல்ல பாடம் இல்லை. கிராப்பெல்லியின் வில் ஸ்வரத்தின் மேல் நேராக வந்து இறங்கும். சுப்ரமணியத்தின் விரல் கீழிருந்து வழுக்கிக்கொண்டே போய்ச் சேரும். ஃபங்க் என்ற அமெரிக்கத் தாளநடைப் பக்கம் சாய்ந்த 'பிளாஸம்' (1981) தட்டில் ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹேன்காக்கும் உண்டு.

எல். சங்கரின் பாதை விசித்திரமானது. ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா தயாரித்த 'டச் மீ தேர்' (1979) கிட்டத்தட்ட ராக் தட்டு. அடுத்து மியூனிக்கின் இ.சி.எம். என்ற ஜாஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஹூஸ் டு நோ' தட்டில் ஒரு பக்கம் முழுக்க ராகம் தானம் பல்லவி! உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், ஜாகிர் உசேன் தபலா, தாளம் போட்டது தந்தை லட்சுமிநாராயணா. பத்துத் தந்தி கொண்ட இரட்டை வயலினைத் தவிர அதில் புதுமை என்று சொல்ல எதுவுமில்லை. ஜாஸ் தட்டு வாங்கப்போன ஐரோப்பியர்கள் முழுப் பல்லவியைக் கேட்டுவிட்டு வந்தார்கள்.

இரண்டாம் பாணி: லயக்காரர்கள்

இந்தப் பாணியின் மூலத்தட்டு 1975இல் நியூயார்க் மாநிலத்தின் சௌத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவாகி 1976இல் வந்த 'சக்தி'. வாசித்தவர்கள் ஜாஸ் கிட்டார்க்காரர் ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விக்கு விநாயக்ராம், ராம்நாட் வி. ராகவன். அதற்கு முன் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற தன் குழுவில் மின் கிட்டாரால் காதைப் பிளந்த மெக்லாலின், இங்கே டிரம்ஸும் இல்லாமல் பேஸும் இல்லாமல் மரக் கிட்டாரோடு தரையில் உட்கார்ந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர் அவர். கிட்டாரின் மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குடைந்து பள்ளமாக்கச் செய்தார். விரல் கட்டையில் முட்டாமல் தந்தியை வீணைபோல் இழுக்க அது வழிவிட்டது. கமகத்துக்காகக் கருவியையே செதுக்கியவரைப் பொழுதுபோக்குக்கு வந்தவர் என்று சொல்லிவிட முடியாது.

நம் மேடையில் கடம் உப பக்கவாத்தியம். மிருதங்கம் கண்ணைக் காட்டினால்தான் அதற்குத் தனி. 'சக்தி'யில் கடமும் தபலாவும் சரிக்குச் சமமாக அமர்ந்தன. விக்கு விநாயக்ராம் கடத்தின் வாயைத் தொப்பையில் அழுத்தி அழுத்தி விடும்போது எழும் கனத்த கும்கிதான் அந்தத் தட்டில் பேஸ் கிட்டாரின் வேலையைச் செய்கிறது. இரண்டாவது தட்டான 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' கொன்னக்கோலோடு தொடங்குகிறது. நம் கச்சேரிகளில் கொன்னக்கோல் அருகிக்கொண்டிருந்த காலம் அது! மூன்றாவது 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' (1977). அதோடு முதல் சக்தி முடிந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்தக் குழு 'ரிமெம்பர் சக்தி'யாக மாண்டலின் ஸ்ரீநிவாஸையும் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷையும் சேர்த்துக்கொண்டு திரும்பியது. 2023இல் வந்த சக்தியின் 'திஸ் மொமெண்ட்' தட்டு அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது.

பெங்களூரில் டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் இதே பாணியின் இன்னொரு கிளை. அமெரிக்க சாக்ஸபோன்காரர் சார்லி மரியானோ நாகஸ்வரமே கற்றுக்கொண்டவர். அவர் பாடகி ஆர்.ஏ. ராமமணியோடும் மணி குழுவினரோடும் 1983இல் இ.சி.எம். நிறுவனத்துக்குச் செய்த 'ஜோதி'யில் கார்டும் கிடையாது, டிரம்ஸும் கிடையாது. தம்புரா, குரல், தாள வாத்தியங்கள், நடுவே ஒரு சாக்ஸபோன். அடக்கமான தட்டு. பலர் கேட்காமல் விட்டதும் இதுதான்.

மூன்றாம் பாணி: கருவியை வசப்படுத்தியவர்கள்

கத்ரி கோபால்நாத்தும் மாண்டலின் ஸ்ரீநிவாஸும் எதிர்த் திசையில் நடந்தவர்கள். ஜாஸைத் தேடிப் போகாமல் மேற்கத்தியக் கருவியை இங்கே கொண்டுவந்தார்கள். சாக்ஸபோனின் சாவிகளில் மாற்றம் செய்தார் ஒருவர். மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி மின்சாரம் கொடுத்தார் மற்றவர். அதன் பிறகு ஜாஸ் உலகம் அவர்களைத் தேடிவந்தது. ஸ்ரீநிவாஸ் 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது 14. கோபால்நாத், அமெரிக்காவின் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 2008இல் தந்த 'கின்ஸ்மென்' தட்டில் ஏ. கன்யாகுமரி வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம். இரண்டு சாக்ஸபோன்கள் ஒரே ராகத்தில் மோதும்போது எது எந்த ஊர்க் குழல் என்பது கமகத்தில் தெரிந்துவிடும்.

நான்காம் பாணி: கோடம்பாக்கம்

தி.நகருக்கு அடுத்த கோடம்பாக்கத்துப் பாணிதான் வெளிநாட்டுத் தட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இன்று மிகப் பிடித்தது. இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரனின் பேஸ் கிட்டார், புருஷோத்தமனின் டிரம்ஸ், விஜி மேனுவலின் கீபோர்டு ஆகியவை பாட்டுக்கு அடியில் தனிப் பாட்டு ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கும். 1977 முதல் 1983 வரையிலான அவர் பாடல்களை இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 'சொல்லச் சொல்ல' என்ற தொகுப்பாக வெளியிட்டது. 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படப் பாடலிலிருந்து ஒரு துணுக்கை பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் எடுத்தாண்டது. நாம் டீக்கடையில் கேட்டதை அவர்கள் ஃபங்க் என்று அடையாளம் கண்டார்கள்.

ஆனால் தட்டு என்ற முறையில் நிற்பது 1986இன் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை ஜெ.எஸ். பாக்குக்கும் காணிக்கையான அதில் தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 1988இல் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. மற்ற மூன்று பாணிகளில் கற்பனை அந்த நேரத்தில் பிறக்கிறது. இங்கே எல்லாம் முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டது. அதனால் இதை ஜாஸ் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. எழுத்தின் நேர்த்தியை வைத்து மதிக்க வேண்டிய பாணி இது.

மூன்று உரைகற்கள்

முதலாவது, கமகம். கார்டு வைத்தால் உடையாத ராகங்கள் சில உண்டு: கீரவாணி, சாருகேசி, மோகனம், ஹம்சத்வனி. ஃப்யூஷன்காரர்கள் இவற்றிடமே திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் உண்டு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடும். பியானோ கொடுக்கும் காந்தாரமோ ஆணி அடித்ததுபோல் நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் ஒன்று அபஸ்வரம். ஆகவே ஒரு தட்டைக் கையில் எடுத்ததும் பாருங்கள்: சுலபமான ராகத்தில் ஒதுங்கியிருக்கிறார்களா, அல்லது கார்டை நிறுத்திவிட்டு ராகத்துக்கு வழி விடுகிறார்களா? 'ஜோதி'யும் 'ஹூஸ் டு நோ'வும் இதில் தேறும். 'டச் மீ தேர்' தேறாது. அங்கே ராகம் வெறும் அலங்காரம்.

இரண்டாவது, கோர்வை. ஜாஸில் நான்கு நான்கு சுற்றாக மாறி மாறி வாசிப்பார்கள். நம் தனி ஆவர்த்தனத்தின் குறைப்புக்கும் அதற்கும் உருவத்தில் உறவு உண்டு; நம்முடையது சுருங்கிக்கொண்டே போய்க் கோர்வையில் முடியும். கணக்கு முடிந்து எல்லாரும் ஒருசேர எடுப்பில் வந்து விழுகிறார்களா, வேகத்தைக் காட்டிக் கைதட்டலில் முடித்துக்கொள்கிறார்களா என்று கையில் தாளம் போட்டுப் பாருங்கள். 'சக்தி' தட்டுகளில் கை ஏமாறாது.

மூன்றாவது, பக்கவாத்திய தர்மம். பாடகர் விட்ட இடத்தை வயலின் எடுத்துக்கொடுப்பதுபோல், எதிராளி சொன்னதைக் கேட்டபின் பதில் சொல்கிறார்களா? ஆளுக்கு ஒரு முறை சாமர்த்தியம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் தட்டுகள் ஏராளம். 'கான்வர்சேஷன்ஸ்' இதில் பேருக்கேற்ற தட்டு.

மூன்றிலும் தேறும் ஒரே ஒரு தட்டைச் சொல் என்றால் தயங்காமல் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' என்பேன்.

மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு இடித்து அடுக்ககம் கட்டும்போது பழைய தட்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கீறல் விழுந்த தட்டாக இருந்தாலும் உறையைப் பத்திரப்படுத்துங்கள். யார் கடம், யார் தம்புரா, எந்த ஆண்டு என்பது பல தட்டுகளுக்கு அந்த அட்டையில்தான் இருக்கிறது. சபாக்களுக்கும் ஒன்று: மார்கழிக் காலை விளக்கவுரைகளில் ஒரே ஒரு காலையை இந்தத் தட்டுகளுக்கு ஒதுக்குங்கள். இவற்றில் வாசித்தவர்களில் ஜாகிர் உசேன், ஸ்ரீநிவாஸ், கோபால்நாத் எல்லாரும் போய்விட்டார்கள். விக்கு விநாயக்ராம், உமையாள்புரம் சிவராமன் போன்றவர்களின் வாய்மொழியைக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டிய நேரம் இதுதான்.