சும்மா நிற்கிறவர்

லிவர்பூலின் வர்ஜில் வான் டைக் ஆடுவதை முதல் தடவை பார்ப்பவர்களுக்கு, 'என்ன இவர், சும்மா நிக்கிறாரே?' என்றுதான் தோன்றும். 2019 மார்ச், டாட்டன்ஹாமுடன் மேட்ச். ஸ்கோர் 1-1. ஸிஸோகோ பந்தோடு வருகிறார், பக்கத்தில் ஸன். இரண்டு பேருக்கு ஒரே டிஃபெண்டர். வேறு யாராவது என்றால் பாய்ந்து காலை விட்டிருப்பார்கள். இவர் பின்னாலேயே நகர்ந்து, ஸன்னுக்குப் பாஸ் போகும் வழியை மறைத்து, ஸிஸோகோவைப் பழக்கமில்லாத இடது காலால் அடிக்க வைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே, ஆகாசத்தில்! கடைசியில் லிவர்பூல் 2-1.

ஏழரைக் கோடி பவுண்டு இந்த நிதானத்துக்குத்தான். சில நாள் அதுவே அலட்சியமாகத் திரிந்துவிடும். 2020 ஜூலையில் ஆர்சனலுக்கு எதிராகச் சாவகாசமாகப் பந்தைத் தட்டி, கோலைத் தானம் செய்தார்.

அதே வருஷம் அக்டோபரில் எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு மோதி, முழங்கால் லிகமென்ட் போயிற்று. சீசன் காலி. திரும்பி வந்தார். 2023 பிப்ரவரியில் ரியல் மாட்ரிட் ஆன்ஃபீல்டிலேயே ஐந்து கோல் போட்டதும், 'ஆள் அவ்வளவுதான்' என்றார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கணக்குப் போட்டு ஆடுகிறவருக்குக் கணக்குப் போட இரண்டு விநாடியாவது வேண்டாமா? முன்னால் நடுக்களமே ஓட்டை. அந்தக் கோடையில் நடுக்களத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். வான் டைக் கேப்டனானார். 2024 லீக் கப் ஃபைனலில் செல்ஸிக்கு எதிராக 118-வது நிமிஷம் தலையால் முட்டி ஜெயிக்க வைத்தார். 2024-25-இல் லீக் பட்டம். வயசு 33.