கொடையா, கடமையா?

வாணிகத்துக்கும் அறத்துக்கும் உள்ள உறவு பற்றிய விசாரணை நமது இலக்கியத்துக்குப் புதியதன்று. நடுவுநிலைமை பற்றிப் பேசவந்த வள்ளுவர், பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகருக்கு வாணிகமென்றார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலையும், அவர்தம் கொள்வினை கொடுப்பினைகளின் நேர்மையையே சிறப்பித்தது. ஆயின் ஒன்று நோக்கற்பாலது. இவ்வறம் வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடைப்பட்டது, துலாக்கோலின் அறம். பண்டத்தை ஆக்கிய கைகள் அங்கே பேசப்படவில்லை. தன் உழைப்புச் சக்தியன்றி விற்பதற்கு வேறொன்றுமில்லாத ஆலைத் தொழிலாளி அக்காலத்தில் ஒரு வர்க்கமாகத் தோன்றியிருக்கவுமில்லை. ஆகவே பழைய வணிக அறத்தை இன்றைய கம்பனிகளுக்கு அப்படியே பொருத்துவது வரலாற்றை மறப்பதாகும்.

இன்று 'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என வழங்கும் கோட்பாட்டை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்கரான ஹோவர்ட் போவன். வணிகர் சமுதாயத்தின் விழுமியங்களுக்கு இயையத் தீர்மானங்களை மேற்கொள்ள வேண்டுமென 1953இல் வெளியான அவரது நூல் வாதித்தது. இது சர்வரோக நிவாரணியன்று என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். 1970இல் மில்டன் பிரீட்மன் இக்கோட்பாட்டை மறுத்தெழுதினார். ஆட்டத்தின் விதிகளுக்குள் நின்று, வஞ்சகமின்றி இலாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் ஒரே சமூகப் பொறுப்பு என்பது அவர் கொள்கை. சமூகப் பொறுப்பெனப் பேசப்படுவது பலவேளைகளில் சுயநலத்தின் போர்வையே என்றும் அவர் கூறினார். நாம் அவரோடு உடன்படுவது இவ்வோரிடத்தில் மாத்திரமே. விதிகளுக்குள் நிற்கச் சொன்னவர், அவ்விதிகளை வகுப்போர் யாவர் என வினவவில்லை. ஒருவர் முதலாளியின் மனச்சாட்சியை நம்பினார். மற்றவர் சந்தையை நம்பினார். தொழிலாளி தன் குரலோடு இவ்வாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை.

இக்கோட்பாட்டை உரைத்துப் பார்க்க உரைகல் ஒன்றுண்டு. பங்களாதேஷின் தலைநகர் டாக்காவுக்கு அண்மையிலுள்ள சவாரில், ரானா பிளாசா என்ற எட்டுமாடிக் கட்டடம் 2013 ஏப்ரில் 24ஆந் திகதி இடிந்து வீழ்ந்தது. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மேனாட்டு வணிகச் சின்னங்களுக்கு ஆடை தைத்த ஏழைத் தொழிலாளர். மேல்மாடிகள் சட்டவிரோதமாகக் கட்டப்பட்டவை. முதல்நாளே சுவர்களில் வெடிப்புத் தோன்றியது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளரோ மறுநாட் காலை உள்ளே செல்லுமாறு பணிக்கப்பட்டனர். மறுத்தாற் சம்பளம் நிறுத்தப்படுமென அச்சுறுத்தப்பட்டதாகத் தப்பியோர் சிலர் கூறினர். வெடிப்பு அனைவர் கண்ணுக்கும் ஒன்றாகவே தெரிந்தது. அக்கட்டடத்து ஆடையாலைகள் ஐந்தில் ஒன்றிலேனும் தொழிற்சங்கம் இருக்கவில்லை. 'நாம் உள்ளே போகமாட்டோம்' எனக் கூட்டாகச் சொல்லும் வலிமையே அங்கு இல்லாதிருந்தது.

அவ்வாலைகளிற் சில, சமூகப் பொறுப்புக்கான தணிக்கைகளுக்கு ஏற்கெனவே உட்பட்டவை. கட்டடத்தின் உறுதியை ஆராய்வது அத்தணிக்கையின் எல்லைக்குள் வரவில்லையெனப் பின்னர் விளக்கமளிக்கப்பட்டது. கராச்சியில் 2012 செப்ரெம்பர் 11இல் ஆடைத் தொழிற்சாலையொன்று எரிந்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாலைக்கு அதற்குச் சில வாரங்களின் முன்னரே சர்வதேச நற்சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. தாளிலே அறம் குறைவின்றி இருந்தது, கதவுகளோ திறக்கவில்லை.

கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை இலக்கிய மாணவர் ஒருமுறை ஊன்றிப் படித்தல் நன்று. நல்வினைகள் யாவும் 'நாம்' எனும் எழுவாயோடு தொடங்கும்: நாம் பாடசாலை அமைத்தோம், நாம் மரம் நட்டோம். தீவினைகளுக்கு எழுவாயே இராது: விபத்து நேர்ந்தது, உயிர்கள் இழக்கப்பட்டன. நமது நாட்டு ஆடை உற்பத்தியாளரும் 'குற்றவுணர்வற்ற ஆடைகள்' என்ற சுலோகத்தை உலகச் சந்தையில் முன்வைத்தனர். குற்றவுணர்வு யாருடையது? உடுப்பவருடையது. தைப்பவரின் கூலியும் ஓய்வும் அத்தொடரில் இடம்பெறவில்லை.

நல்ல முதலாளிகள் இல்லையென்பது நம் வாதமன்று. 1800இல் ஸ்கொத்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையைப் பொறுப்பேற்ற ரொபேர்ட் ஓவன், வேலைநேரத்தைக் குறைத்தார். தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வியளித்தார். ஆனால் தன் ஆலையின் நன்மை பிற ஆலைகளின் பிள்ளைகளைக் காக்காது என்பதை உணர்ந்த அவர், சட்டம் வேண்டுமெனப் போராடினார். 1819இல் வந்த சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பஞ்சாலைகளில் வேலைக்கமர்த்துவதைத் தடுத்தது. எனினும் அதனை நடைமுறைப்படுத்த அரசாங்கப் பரிசோதகர் இல்லாமையால் அது பெரிதும் ஏட்டளவில் நின்றது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அவர்கள் வந்தனர். முதலாளிகளுள் உத்தமரான ஒருவரே முதலாளியின் உத்தம குணம் போதாதெனக் கண்டது வரலாறு தரும் பாடமாகும்.

அப்பாடத்தையே 2013 மே மாதம் மீண்டும் உறுதிசெய்தது. உலகத் தொழிற்சங்கச் சம்மேளனங்களும் ஆடைக் கம்பனிகளும் பங்களாதேஷ் ஆலைகளின் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. அது வாக்குறுதியன்று, சட்டவலுவுள்ள ஒப்பந்தம். பரிசோதனை அறிக்கைகள் பகிரங்கமாயின. கடமை தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கம்பனியொன்று, மத்தியஸ்த வழக்கின் பின் 2018இல் இருபத்து மூன்று இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. தசாப்தக்கணக்கான தன்னிச்சைத் தணிக்கைகள் சாதிக்காதவற்றைத் தொழிற்சங்கத்தின் கையொப்பம் சில ஆண்டுகளிற் சாதித்தது. இதுவும் முழுவிடுதலையன்று; கூலிப் பிரச்சினையை அது தீர்க்கவில்லை. ஆயினும் திசை தெளிவாகிறது.

கம்பனி கட்டித்தரும் பாடசாலையையோ கிணற்றையோ நாம் இகழவில்லை. மக்களுக்கு அவை தேவை. ஆனால் கொடை என்பது கொடுப்போன் விரும்பும்போது நிறுத்தத்தக்கது, உரிமை அவ்வாறன்று. கொடுக்கவேண்டிய கூலியிற் குறைத்ததை ஒருவர் தருமமாகத் திருப்பிக் கொடுத்தால், அதற்கு நன்றி கேட்பது முறையாகாது. அறத்தை முதலாளியின் உள்ளத்தில் தேடுவோர் தேடிக்கொண்டேயிருக்கட்டும். ஆசிரியரும் மாணவரும் அதைச் சட்டத்திலும், பரிசோதகரின் அதிகாரத்திலும், அனைத்துக்கும் மேலாகத் தொழிலாளரின் ஒற்றுமையிலும் தேடுவார்களாக. வெடித்த சுவரைக் கண்ட தொழிலாளி, சம்பளத்தை இழவாமல் வெளியே வரக்கூடிய நாளிலேயே வணிக அறம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.