மெட்டும் சூழலும்: நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் நிலைபேறு

முன்னுரை

இசைப்படைப்பு ஒன்று தன்னை ஆக்கியவரின் காலத்திற்குப் பின்னும் நிலைத்திருப்பதற்கு இராகச் செழுமை, பக்தியுணர்வு, குருசீட மரபு ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆயினும் இவற்றால் மட்டும் நிலைபேறு உறுதியாவதில்லை. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் ஆகியோரின் கீர்த்தனைகள் பல, பிற்காலத்தவர் அமைத்த மெட்டுகளிலேயே இன்று பாடப்படுகின்றன. மாறாக, 1896இல் மறைந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, மெட்டின் வழியாகவே அடுத்த தலைமுறையின் அரசியல் கவிதைக்குள் நுழைந்தது. இதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏட்டுக்கு அப்பால்

இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் விரும்பவில்லை. நூலில் இலக்கணப் பிழைகள் உள்ளன என்பதே அவர் கருத்து. பின்னர்ப் பாரதியார் திண்ணையிலமர்ந்து பாடியதைக் கேட்டு மனமிளகிப் பாயிரம் வழங்கினார் என உ.வே.சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். ஏட்டில் குறையெனப்பட்டது பாட்டில் குறையாகத் தோன்றவில்லை. இவ்வாக்கத்தின் வலிமை சொல்லில் மட்டும் அடங்கியதன்று என்பதற்கு இந்நிகழ்வு முதற்சான்று.

மோதலின் வடிவம்

சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் நந்தனுக்கு வேதிய ஆண்டை இல்லை; அப்பாத்திரம் கோபாலகிருஷ்ண பாரதியாரின் படைப்பு. தில்லைக்குச் செல்ல விடைகேட்கும் பண்ணையாளிடம் நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடிக்குமாறு ஆண்டை பணிக்கிறார். இதனால் அடியவர் வரலாறு, உழைப்பவனுக்கும் உடையவனுக்கும் இடையிலான நாடகமாக மாறுகிறது. கீர்த்தனைகளோடு நொண்டிச்சிந்து முதலிய நாட்டார் வடிவங்களும் இதில் இடம்பெறுகின்றன. ஆண்டையின் ஏளனம், சேரியாரின் அச்சம், நந்தனின் தவிப்பு எனப் பேசுவோர் நிலைக்கேற்ப மெட்டு வேறுபடுகிறது. கதாகாலட்சேபம் கேட்டுப் பழகியவர்க்கு ஒரு மெட்டு ஒலித்த அளவிலேயே, யார் யாரிடம் எந்நிலையில் நின்று பேசுகிறார் என்பது விளங்கிவிடும்.

சுப்பிரமணிய பாரதியார் பயன்படுத்திக்கொண்டது இத்தன்மையையே. மார்கழித் திருநாளுக்குச் செல்ல விழையும் நந்தனை இழித்துரைக்கும் பாடலின் மெட்டில் அவர் 'தொண்டு செய்யும் அடிமை' என்னும் பாடலை அமைத்தார். அதில் சுயராஜ்யம் கேட்கும் பாரதவாசியை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏளனம் செய்கிறான். நந்தனின் வேட்கை தம் இனத்திற்கு அடுக்காது எனச் சேரியார் அஞ்சித் தடுக்கும் பாடலின் மெட்டோ, புதிய கட்சித் தலைவரிடம் நிதானக் கட்சியார் பேசும் பாடலுக்கு வந்து சேர்ந்தது. ஆண்டையின் மெட்டு ஆள்வோனுக்கும், அஞ்சும் சுற்றத்தாரின் மெட்டு அஞ்சும் அரசியலாருக்கும் சென்றமை தற்செயலன்று. சொற்கள் முற்றிலும் மாறின. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலான உறவு மாறவில்லை.

கச்சேரி மேடையில்

மறுபுறம், கச்சேரி மேடை இப்பாடல்களைத் தனித்தனியே பிரித்தெடுத்துக்கொண்டது. மாஞ்சி இராகத்தில் அமைந்த 'வருகலாமோ' இதற்குச் சிறந்த சான்று. கதைக்குள் அது, பிறப்பின் பெயரால் விலக்கப்பட்டவன் இறைவனிடம் நுழைவுரிமை கேட்கும் வினா. மேடையிலோ எவரும் பாடத்தக்க பொதுவான பணிவுரையாக அது கேட்கப்படுகிறது. இங்குச் சொல்லும் இராகமும் உள்ளன. ஆண்டையும் சேரியும் இல்லை. திரைப்படம் நந்தனைக் கதையோடு மீட்டது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். எனினும், நந்தன் தீயில் மூழ்கி மறையவராக எழுந்தே இறைவனை அடையும் மரபுவழி முடிவு, அவ்வினாவுக்கு நேரான விடையாகாது. விலக்கப்பட்டவன் விலக்கப்பட்டவனாகவே உள்ளே வரலாமா என்பதே அவன் கேட்டது.

முடிவுரை

ஆகவே நிலைபேறு ஒருதன்மைத்தன்று. கச்சேரி மரபு பாடலைக் காத்துச் சூழலை நெகிழவிட்டது. சுப்பிரமணிய பாரதியார் பாடலை மாற்றிச் சூழலைக் காத்தார். முன்னதை மட்டும் மரபுத் தொடர்ச்சியாகக் கருதி, பின்னதை வெறும் மெட்டிரவலாக ஒதுக்கும் மதிப்பீடு குறையுடையது. மனித உறவொன்றின் மோதலைத் தன் வடிவத்திலேயே தாங்கும் இசை, அம்மோதல் தீராதவரை புதிய சொற்களைத் தேடிக்கொண்டே இருக்கும். இத்தகைய இசையின் வாழ்நாளை அது எத்தனை மேடைகளில் ஒலிக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. அது எழுப்பிய வினா இன்னும் கேட்கப்படுகிறதா என்பதும் அளவுகோலாதல் வேண்டும்.