ஆங்கில உடலுறுப்பு மரபுத்தொடர்களும் உடைமையாளரும்

ஆங்கில மரபுத்தொடர்களின் பொருள் இடுகுறித்தன்மையுடையதன்று. உடல் அனுபவத்தில் வேரூன்றிய கருத்துருவகங்களும் ஆகுபெயர்களுமே அதற்கு அடிப்படை என்பது, கோவெச்செஷ், சாபோ இருவரும் 1996இல் ‘அப்ளைடு லிங்விஸ்டிக்ஸ்’ இதழில் நிறுவ முயன்ற கருத்தாகும். லேக்காஃபும் ஜான்சனும் 1980இல் வகுத்த நெறியின் தொடர்ச்சி இது. ‘ஹேண்ட்’ (கை) இடம்பெறும் தொடர்களில் கை ஆளையும் செயலையும் கட்டுப்பாட்டையும் குறித்து நிற்பதை அவர்கள் தெளிவாகவே காட்டியுள்ளனர்.

எனினும் அவ்விளக்கம் பெயர்ச்சொல்லின் அளவிலேயே நின்றுவிடுகிறது. ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’, ‘அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்’ என்னும் இரண்டையும் நோக்குக. இரண்டிலும் கை கட்டுப்பாடே. முன்னது, நிலைமை எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை என்கிறது. பின்னது, முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் இல்லை, வேறிடத்தில் உள்ளது என்கிறது. ‘லூஸ் ஹார்ட்’ என்றால் ஊக்கமிழத்தல். இடையில் ஓர் உடைமைப் பெயர் புகுந்து ‘லூஸ் ஒன்ஸ் ஹார்ட்’ என்றாகிவிடின், காதல்வயப்படுதல். இதயம் உணர்வின் இருப்பிடம் என்னும் உருவகம் இரண்டுக்கும் இடந்தருகிறது. எத்தொடருக்கு எப்பொருள் என்பதை அது சொல்வதில்லை.

உடைமையாளர் யார் என்பதும் தொடர்தோறும் வரையறுக்கப்பட்டுள்ளது. ‘ஹோல்டு ஒன்ஸ் டங்’ என்பதில் நாக்கு எழுவாய்க்கே உரியது. ‘புல் சம்படீஸ் லெக்’ என்பதில் கால் பிறருடையதே. ஆங்கிலம் கற்போருக்கான ஆக்ஸ்போர்டு அகராதி இவ்வேறுபாட்டைத் தலைச்சொல்லிலேயே ‘யுவர்’, ‘சம்படீஸ்’ எனக் குறித்துவிடுகிறது. உறுப்பின் உடைமையைத் தற்கிழமை எனத் தனியே பிரித்தறிந்த இலக்கண மரபினர்க்கு இது புதிதாகத் தோன்றாது. கருத்துருவக ஆய்வோ இதனைப் பொருட்படுத்தவில்லை. மேற்கூறிய கட்டுரையில் ஹங்கேரிய மாணவர்களிடம் நிகழ்த்திய சோதனையும் ‘அப்’, ‘டௌன்’ சேர்ந்த வினைத்தொடர்களைப் பற்றியதேயன்றிக் கைத்தொடர்களைப் பற்றியதன்று.

மொழிபெயர்ப்பாளர் இடறுவது இங்கேதான். தமிழில் உறுப்புப் பெயர் பெரும்பாலும் வினையோடு ஒன்றிவிடும். உடைமையாளரைச் சுட்டாமலே விடுவது இயல்பு. ஆகவே ‘இட் இஸ் அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்’ என்று ஓர் அதிகாரி கூறுவதை, ‘கை’, ‘கட்டுப்பாடு’ என்னும் இணைப்பை மட்டும் நம்பி ‘கைமீறிப் போய்விட்டது’ எனப் பெயர்ப்பது எளிது. அதிகாரி கூறியது ‘முடிவு என் கையில் இல்லை’ என்பதே. அந்த ‘என்’ விடுபட்ட பெயர்ப்பில், தமக்கு அதிகாரமில்லை என்றவர் அதிகாரத்தைக் கோட்டைவிட்டவராகிவிடுகிறார். சாட்சியத்திலோ விசாரணை அறிக்கையிலோ இவ்விரண்டும் ஒன்றல்ல.